உச்சிப்பாறைக்குத் தகரக் கொட்டகை

என் மனைவி லிசிக்குப் பல்லி என்றால் உயிர். கல்யாணம் பேசும்போது இதை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் பக்கம். சுவரில் பல்லி கத்தினால் பக்கத்து வீட்டில் பலன் பார்ப்பார்கள்; இவள் எழுந்துபோய் அது ஆணா பெண்ணா என்று பார்ப்பாள். புடவைக் கடைக்குக் கூப்பிட்டால் தலைவலி வரும். மலைக்கென்றால் விடியுமுன்னே வாசலில் நிற்பாள்.

அவளுடைய பல்லி வேறு ஜாதி. துறையூருக்கு அப்பால் பச்சைமலையில் இருப்பது. விரல் நீளம், பாறை நிறம். அந்த ஒரு மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பாள். கல்யாணமான புதிதில் பாதி மலை ஏறினாலே கண்ணில் படும். இப்போது மலையிலும் ராத்திரி குளிர்வதில்லை, பனி இறங்குவதில்லை. கீழ்ப்பக்கம் இருந்தவை வருஷத்துக்கு வருஷம் காணாமல் போயின. மிஞ்சியது உச்சிப்பாறை ஒன்றுதான்.

"அதுக்கு மேல எங்கங்க போகும்?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

பங்குனியில் அந்தப் பாறை வெடிப்புக்குள் முட்டைகளைக் கண்டாள். சின்னப்பிள்ளை மாதிரி குதித்தாள். முட்டைகள் கல்லோடு ஒட்டியிருந்தன, பெயர்த்தால் உடைந்துவிடும். அங்கேயே பொரித்தால்தான் உண்டு. அந்தப் பாறைதான் மலை ஊர்க்காரர்களுக்குச் சாமி. பூசாரி பிச்சமுத்துவிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னாள்: "இதுங்களுக்கு வெயில் ஆகாதுங்க. பொரிக்கிற வரைக்கும் யாரும் தொடாம பாத்துக்குங்க."

"சாமி பல்லி டீச்சரம்மா. நான் பாத்துக்க மாட்டேனா?"

சித்திரை பிறந்ததும் மறுபடி போனோம். மலைக்காற்றே அனலாக அடித்தது. உச்சியில் ஏதோ பளபளத்தது. பாறைக்கு மேல் புதுத் தகரக் கொட்டகை. எனக்குப் பகீரென்றது.

பிச்சமுத்து முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தார். "வெயில் ஆகாதுன்னீங்கள்ல? ஊரே சேந்து போட்டோம். எங்க வீட்டுக்குக்கூட இவ்வளவு நல்ல தகரம் இல்லீங்க."

அட பாவி மனுஷா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவரை எப்படித் திட்டுவது? சாமிக்கு வெயில் பட்டால் கொட்டகை போடுவதுதானே நம் ஊர் வழக்கம்.

லிசி தகரத்துக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். பாறையில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்தாள். டார்ச் அடித்துப் பார்த்தோம். வெளியோரத்து முட்டைகள் வற்றி ஒடுங்கியிருந்தன. ஆழத்தில் இரண்டு மட்டும் முழுசாக இருந்தன. பக்கத்தில் ஒரு பல்லி வாயைத் திறந்தபடி கிடந்தது, வயிறு படபடவென்று அடித்துக்கொண்டது.

பிச்சமுத்துவின் சிரிப்பு போய்விட்டது. "கழட்டிரவாங்க?"

"கழட்டிட்டுப் புல்லு வேயலாமா?" என்றாள் லிசி.

"புல்லெல்லாம் போன மாசம் பத்துன காட்டுத்தீயில போச்சுங்களே."

கழற்றினால் வெயில் நேரே இறங்கும். விட்டால் தகரம் வேகவைக்கும். கடைசியில் கழற்றிவிட்டு, என் மாற்றுவேட்டியை நாலு கம்பில் இழுத்துக் கட்டினோம். கொண்டுபோன குடிதண்ணீரை எல்லாம் லிசி அதன்மேல் ஊற்றினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிட்டது. அவள் வாய்விட்டு அழுதாள். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பிச்சமுத்து வானத்தைப் பார்த்தார். "அக்கினி நட்சத்திரம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே, டீச்சரம்மா" என்றார்.