கேட்காமல் பார்க்கும் காவல்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த காலையில், நல்லூரில் ரோஸ்மேரி நடத்திய பிரவுசிங் சென்டரில் நிற்க இடமில்லை. சுப்புலட்சுமி தன் மகள் சண்முகப்பிரியாவின் கையைப் பிடித்தபடி நெரிசலுக்குள் நின்றிருந்தாள். பெண்ணின் எண்ணைத் தட்டிய ரோஸ்மேரி திரையைப் பார்த்தாள். பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து ஏதோ ஒரு வயரைப் பிடுங்கிவிட்டு, "நெட்டு போயிட்டு, எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறியது. கதவைச் சாத்திய பிறகுதான், கணக்கில் ஃபெயிலாகிவிட்டதை மெல்லச் சொன்னாள். பிரியா அழுது முடிக்கிறவரை அந்த நெட் திரும்பி வரவே இல்லை.

ரோஸ்மேரி சாத்தான்குளம் பக்கத்துக்காரி. பிழைக்க வந்த இந்தப் பனியன் ஊரில் பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்து, ஓய்ந்த நேரத்தில் கம்ப்யூட்டர் பழகி, அந்தச் சின்னக் கடையைப் போட்டவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் ஜெபம் முடித்து வந்த பிறகுதான் கடையைத் திறப்பாள். கணக்கு வராத பிரியாவுக்குக் கை நன்றாக வரைய வரும் என்று கண்டுகொண்டு, பனியன் மேல் அடிக்கிற படங்களைக் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக் கொடுத்தவளும் அவள்தான்.

பிறகு சுப்புலட்சுமியின் கணவர் சென்னியப்பன் ஒரு பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தார். சுப்புலட்சுமி அதற்குத் திருநீறு பூசி, சிவன்மலை முருகன் படத்தை மேலே ஒட்டினாள். அடுத்த தெருவில் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்த அருள்செல்வன், சென்னியப்பனுக்கு மச்சான் முறை. பிரியாவுக்கு வேலை கொடுத்த ஒரே ஆள் அவர்தான். அவருடைய பென்டிரைவில்தான் படங்கள் போகும், வரும்.

ஒருநாள் அவருடைய பட்டறை கம்ப்யூட்டர் வைரஸ் விழுந்து நின்றுவிட்டது. உங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது, இன்னொரு தரம் வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சிரித்த முகமாகவே சொல்லிவிட்டுப் போனார். அவர் சிரித்ததுதான் சுப்புலட்சுமியைப் பயமுறுத்தியது. பெண்ணின் பிழைப்பே அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

ரோஸ்மேரியிடம் ஓடினாள். கடைத்தெருவில் பெரிய கம்பெனி ஆன்டிவைரஸைத் திருட்டு சிடியில் விற்கிறார்களாமே, வாங்கலாமா என்று கேட்டாள். ரோஸ்மேரி தலையை ஆட்டினாள். களவாக வந்த பூட்டை நம்பி வீட்டைப் பூட்ட முடியுமா, கம்பெனிக்காரனே வீட்டுக்கென்று சும்மா கொடுப்பது இருக்கிறதே என்றாள்.

"சும்மா ஏனுங்க குடுக்கறாங்க?" என்றாள் சுப்புலட்சுமி.

"பனியன் வாங்க வார பையருக்கு நாம சாம்பிள் பீஸ் குடுக்கோம்லா, அது மாதிரிதான்க்கா. புடிச்சுப்போனா பெருசா வாங்குவாங்கன்னு ஒரு ஆசை."

இது சுப்புலட்சுமிக்கு உடனே விளங்கியது. இலவசமாகக் கிடைத்தவற்றில் பேர்போன ஒன்றை ரோஸ்மேரி போட்டுக் கொடுத்தாள். வீட்டில் நெட் கிடையாது. புதுப்புது வைரஸைப் பற்றி அதற்கு வாரந்தோறும் தெரியப்படுத்த வேண்டும். அதனால் அப்டேட்டைச் சிடியில் ஏற்றி, ஞாயிறு கோயில் முடிந்து வருகிற வழியில் தானே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவாள்.

அந்த ஆன்டிவைரஸுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பென்டிரைவைச் செருகினால் மணி அடித்து, சோதிக்கட்டுமா என்று நடுத்திரையில் கேட்கும். அருள்செல்வன் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு மாலை, அது அப்படிக் கேட்டது. பிரியா சரி சொல்லப் போனாள். சுப்புலட்சுமிக்குக் கூசியது. வந்த மனுஷருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதற்குள் அவர் கொண்டுவந்ததைச் சோதிப்பதா?

"வேண்டாங் கண்ணு," என்றாள் தணிந்த குரலில். "மாமன் என்ன நெனப்பாரு."

பிரியா வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

மறுநாள் காலையில் படங்கள் இருந்த ஃபோல்டர்கள் ஒன்றுகூட இல்லை. சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டிய வேலையும் அதற்குள்தான் இருந்தது. சுப்புலட்சுமி முருகன் படத்தைப் பார்த்து நின்றாள். அப்புறம் செருப்பைக்கூடப் போடாமல் ரோஸ்மேரியைக் கூப்பிடப் போனாள்.

ரோஸ்மேரி கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தாள். பூசியிருந்த திருநீறு கலையாமல் பெட்டியை நகர்த்தி உட்கார்ந்து, நெடுநேரம் எதையோ தட்டினாள். எதுவும் அழியவில்லை, வைரஸ் ஒளித்துத்தான் வைத்திருக்கிறது என்றாள். ஒவ்வொரு ஃபோல்டராகத் திரும்பி வந்தது. ஒரு சிங்க முகம் மட்டும் வரவே இல்லை; பிரியா அதை மறுபடி வரையத் தொடங்கினாள். எப்படி நடந்தது என்று கேட்டபோது சுப்புலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். ரோஸ்மேரி கோபிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தாள்.

"உங்க ஊர்க்காரங்க மரியாதைக்கு இந்த சாஃப்ட்வேர் ஒத்துவராதுக்கா."

பழையதை எடுத்துவிட்டு வேறொரு இலவச ஆன்டிவைரஸைப் போட்டாள். பேர் அவ்வளவாகக் கேள்விப்படாதது. ஆனால் அது மணி அடிக்காது. பென்டிரைவைச் செருகியதும் யாரையும் கேட்காமல் ஓரமாகச் சோதித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. சிடியை மட்டும் நாமாகச் சொன்னால்தான் பார்க்கும்.

பிறகு பிரியாவோடு பட்டறைக்கும் போனாள். வைரஸ் வந்தது அருள்செல்வனின் பென்டிரைவில்தான் என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை. காதர்பேட்டைச் சந்தையில் எத்தனை கடைக் கம்ப்யூட்டரில் செருகி வருகிறதோ, பாவம், பென்டிரைவ் என்ன செய்யும் என்று மட்டும் சொல்லி, பட்டறைக் கம்ப்யூட்டரைக் காக்கவும் வழி சொல்லிக் கொடுத்தாள். அருள்செல்வன் காபி வாங்கிக் கொடுத்தார். சிங்க முகம் இருட்டுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வேலை நிற்கவில்லை.

வீட்டுக்கு வீடு நெட் வரத் தொடங்கியதும் சென்டரில் கூட்டம் குறைந்தது. ரோஸ்மேரி கடையைக் காலி செய்துகொண்டு, தன் மகள் இருக்கும் ஊருக்குப் போக முடிவெடுத்தாள். கிளம்புகிற அன்று கடைசியாக ஒரு அப்டேட் சிடியோடு வந்தாள். இனி நெட் இணைப்பு வந்துவிடும், ஆன்டிவைரஸ் அப்டேட்டைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று பிரியாவுக்கு விளக்கினாள். சுப்புலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிடியை இரண்டு கையாலும் வாங்கி, நீங்கள் கொடுத்ததைச் சோதிக்கவா வேண்டும், அப்படியே போட்டுக்கொள்கிறோம் என்றாள்.

வாசல்படி இறங்கிய ரோஸ்மேரி நின்றாள்.

"அப்படிச் செய்யாதீங்கக்கா. என் கடை மிஷின்லயும் என்னென்ன கெடக்கோ, யாரு கண்டா. பாத்துட்டே போடுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."