நூல் மல்லிகைக்கு ஒரு கடை

முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து, சிங்கப்பூரில் தோ பாயோ வீட்டுச் சோபாவில் காலை நீட்டியபடி கிடந்த வாரங்களில்தான் நான் குரோஷே பின்னக் கற்றுக்கொண்டேன். நாற்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை, ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன், கையில் கொக்கி ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கே வந்தது.

கைபேசியில் மீன்பிடி முடிச்சு ஒன்றைத் தேடப்போய், தவறுதலாக வேறொரு காணொளி திறந்துகொண்டது. ஒரு பெண்மணி ஒற்றை நூலைக் கொக்கியால் இழுத்து இழுத்துப் பூ ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அவர் பேசிய மொழி என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. கைகள் மட்டும் புரிந்தன. ஒரு கண்ணி, அதற்குள் இன்னொரு கண்ணி, அவ்வளவுதான். நூலால் ஆன இயந்திரம் போல இருந்தது. அன்று மாலையே மனைவியிடம் ஊசியும் வெள்ளைப் பருத்தி நூலும் வாங்கிவரச் சொன்னேன்.

என் மனைவி பாலர்பள்ளி ஆசிரியை. மல்லிகை என்றால் உயிர். ஆனால் மல்லிகைக்கு அவளைப் பிடிக்காது. தலையில் வைத்த சற்று நேரத்தில் தும்மல் தொடங்கி, கண் வீங்கி, கல்யாணப் படங்களில் எல்லாம் அழுத முகத்தோடு நிற்பாள். அவளுக்கு நூலிலேயே மல்லிகை செய்து கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

முதல் சரத்தை அவளிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னங்க இது, மல்லிகையா, பூண்டா?”

ஊன்றுகோலைக் கீழே வைத்த கையோடு லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். பஃபலோ சாலையில் ஒரு பூக்கடையில் மல்லிகைச் சரம் வாங்கி, அங்கேயே ஓரமாக நின்று முடிச்சைப் பிரிக்க ஆரம்பித்தேன். எனக்கு ஒரு பொருள் விளங்க வேண்டுமென்றால் அதைக் கழற்றிப் பார்த்தாக வேண்டும். கடைக்காரர் கட்டிக்கொண்டிருந்த மாலையை மடியில் போட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

“அண்ணே, நான் காலையிலேருந்து கட்டுறேன். நீங்க வாங்குன உடனே பிரிக்கிறீங்களே!”

“நூல்ல இதே மாதிரி செய்யப் போறேண்ணே. அதான்.”

“வாடாத பூவா? நல்லாயிருக்கே. அப்புறம் நான் எங்க போறது?” என்று சிரித்துக்கொண்டே உதிரி மொட்டுகள் கொஞ்சத்தை ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார்.

மொட்டின் அடியில் இளம்பச்சை. நுனியில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஊதாச் சாயல். சரத்தில் மொட்டுகள் ஒரே பக்கம் பார்ப்பதில்லை, எதிரும் புதிருமாகத் தலை நீட்டுகின்றன. இதையெல்லாம் இத்தனை வருடம் பார்க்காமலே இருந்திருக்கிறேன். பச்சை நூல் சேர்த்தேன், மெல்லிய ஊசிக்கு மாறினேன். பூண்டு மெல்ல மெல்ல மல்லிகை ஆனது.

அதை வைத்துக்கொண்டு மனைவி சிராங்கூன் சாலைக் கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். சாப்பாட்டுப் பந்தியிலிருந்தே எனக்குப் போன் வந்தது.

“என்னங்க, எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பாக்குறாங்க. எங்க வாங்குனன்னு கேக்குறாங்க. எங்க வீட்டுக்காரரு செஞ்சதுன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க லா! பேசாம ஆன்லைன்ல கடை போட்டுருவோமா?”

போட்டோம். சாப்பாட்டுத் தட்டில் சரத்தைச் சுருட்டி வைத்து, விளக்கைப் போட்டுப் படம் எடுத்து, கைவினைப் பொருள் விற்கும் இணையதளம் ஒன்றில் ஏற்றினேன். பிறகு காத்திருந்தோம். ஒரே ஒரு ஆர்டர் வந்தது. பெயர் புதிதாக இருந்தது, ஆனால் முகவரி செம்பவாங்கில் என் மைத்துனி வீடு.

“எங்க அக்காதான். உங்களுக்குச் சந்தோஷமா இருக்கட்டுமேன்னு பண்ணியிருக்காங்க” என்றாள் மனைவி, சிரிப்பை அடக்க முடியாமல்.

எந்தப் புதிய இயந்திரம் வந்தாலும் அதன் கையேட்டைப் படிக்காமல் நான் தொடமாட்டேன். கடைக்கும் ஒரு கையேடு இருக்க வேண்டும்தானே? தேடினால், ஒன்றல்ல, ஒரு வெள்ளமே இருந்தது. ஒரே வாரத்தில் வேலையை விட்டுவிடலாம் என்று கத்தும் காணொளிகளைத் தள்ளிவிட்டேன். அந்த இணையதளமே விற்பவர்களுக்காக எழுதி வைத்திருந்த உதவிப் பக்கங்கள் எளிமையாக இருந்தன. நூலக அட்டை இருந்தால் போதும், இணையப் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கம்பெனிப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் காதில் பாடம் ஓடியது. வாடிக்கையாளர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார், ஒரு பொருளுக்கு எத்தனை கோணத்தில் படம் வேண்டும், பொட்டலத்தை எப்படிக் கட்டினால் நசுங்காது என்று ஒவ்வொன்றும் எனக்குப் புதுக்கதவு. பள்ளிக்கூடத்தில் இப்படி ஆசையாகப் படித்ததாக நினைவில்லை.

கைவினைஞர்கள் ஒருவர் கடையை ஒருவர் பார்த்துக் கருத்துச் சொல்லும் இணையக் குழு ஒன்றும் இருந்தது. துணிந்து என் படத்தை அங்கே போட்டேன். எங்கோ குளிர்நாட்டிலிருந்து ஒருவர் மிகப் பணிவாகக் கேட்டிருந்தார்: “அழகாக இருக்கிறது. இது பாப்கார்ன் மாலையா?”

மனைவி சோபாவில் விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான், ஆனால் உள்ளே ஏதோ பளிச்சென்று எரிந்தது. மல்லிகையே பார்த்திராதவர், தட்டில் சுருண்டு கிடக்கும் வெள்ளை உருண்டைகளை வேறு என்னவென்று நினைப்பார்?

ஜூரோங் பக்கத்து நூலகம் ஒன்றில், கைபேசியில் பொருள்களைப் படம் எடுப்பது பற்றிய வகுப்புக்குப் பதிந்துகொண்டேன். வேலை முடிந்து சீருடையோடேயே போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் தமிழ் முஸ்லிம் பெண் ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், சிறிய பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தார். முக்காட்டில் குத்திக்கொள்ளும் மணி வேலைப்பாட்டு ப்ரூச்சுகள். மயில்நீலமும் செம்பும் கலந்து மின்னின.

“நீங்களே கோத்ததா சிஸ்டர்?”

“ஆமாண்ணே. கையில பாத்தா எல்லாரும் வாங்கிடுறாங்க. படத்துல பாத்தா ஒருத்தரும் வாங்க மாட்டேங்குறாங்க.” என் பையை எட்டிப் பார்த்தார். “நீங்க என்ன விக்கிறீங்க?”

சரத்தை எடுத்து வைத்தேன். சட்டென்று மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, நூல் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்த நொடி எனக்குப் பரிசு வாங்கியது போல இருந்தது.

ஆசிரியை இளம் சீனப் பெண். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு எங்களைச் சன்னல் ஓரத்துக்கு அழைத்துப் போனார். ஒரு பக்கம் சாய்வாக விழும் வெளிச்சம், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை, இவ்வளவு போதும் என்றார். நான் தட்டைத் தேடினேன். சிஸ்டர் குறுக்கிட்டார்.

“தட்டுல வச்சா அது சாப்பாடுண்ணே. தலையில வச்சாத்தான் பூ.”

“என் தலையில எங்க சிஸ்டர் வைக்கிறது?” என்று என் வழுக்கையைத் தடவிக் காட்டினேன்.

நாங்கள் சிரித்ததைப் பார்த்து என்ன விஷயம் என்று ஆசிரியை கேட்டார். சொன்னோம். அவர் உடனே தோளில் கிடந்த நீளமான கூந்தலை அள்ளி, பென்சிலைச் செருகிக் கொண்டை போட்டு, சன்னலுக்குப் பக்கவாட்டாகத் திரும்பி நின்றுகொண்டார். சிஸ்டர் சரத்தை அந்தக் கறுப்புக் கொண்டையைச் சுற்றி வைத்தார். நான் கைபேசியை உயர்த்தினேன். திரையில் மல்லிகை பூத்திருந்தது. மொட்டுகளின் பச்சை, ஊதா, நிழல் எல்லாமே தெரிந்தன. வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். அவசரத்தில் நான் எடுத்ததில் பாதிப் படங்கள் கலங்கிப்போயின. மீதிப் பாதியே போதுமானதாக இருந்தது.

திரும்பும்போது சிஸ்டரும் நானும் ஒரே ரயிலில் வந்தோம். கடையில் பொருளைப் பற்றி நான் எழுதியிருந்த குறிப்பை அவரிடம் காட்டினேன். உயர்தரப் பருத்தி நூலால் உருவாக்கப்பட்ட எழில்மிகு மலர்ச்சரம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.

“அண்ணே, இது கடை போர்டு மாதிரி இருக்கு லா. இத ஏன் செய்ய ஆரம்பிச்சீங்க?”

“என் ஒய்ஃபுக்கு மல்லிகை வச்சா தும்மல் வரும். அதுக்காகத்தான்.”

“யா அல்லா! அத எழுதுங்கண்ணே, அத!”

நான் இறங்கி மாற வேண்டிய நிலையம் வருவதற்குள் பழையதை அழித்துவிட்டு எழுதினேன். ‘மல்லிகை வைத்தால் என் மனைவிக்குத் தும்மல் வரும். அதனால் அவளுக்கு நூலில் ஒன்று செய்தேன். தமிழ்ப் பெண்கள் தலையில் சூடும் பூ இது.’ சிஸ்டரின் ப்ரூச்சுகளுக்கும் அதே வழியில் ஒரு குறிப்பு யோசித்தோம். பேச்சு சுவாரசியத்தில் நான் நிலையத்தைத் தவறவிட்டு, அடுத்ததில் இறங்கித் திரும்பி வந்தேன்.

படத்தையும் குறிப்பையும் மாற்றிய சில நாள்களில், தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. ஆர்டர். முகவரியைப் பார்த்தேன். செம்பவாங் இல்லை. பெயரும் தெரியாத பெயர். யாரோ ஒருவர், எனக்கு முன்பின் தெரியாத ஒருவர், என் பூவைக் கேட்கிறார்! நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்து கத்திவிட்டேன்.

“என்னண்ணே, டோட்டோ லாட்டரி விழுந்துச்சா?” என்றான் எதிரில் இருந்த நண்பன்.

“அதவிடப் பெருசுடா!”

அதற்குப் பிறகு ஆர்டர்கள் விட்டுவிட்டு வந்தன. நடனம் ஆடும் பிள்ளைகளுக்காக, பூ கிடைக்காத ஊரில் நடக்கும் வளைகாப்புக்காக என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் எழுதினார்கள். அப்படி வந்த ஒரு செய்திதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நோய்க்குச் சிகிச்சை எடுத்ததில் முடியெல்லாம் உதிர்ந்துவிட்டது, தம்பி கல்யாணம் வருகிறது, தலையில் துணி கட்டிக்கொண்டுதான் போவேன், அந்தத் துணியின் மேல் உங்கள் பூ நிற்குமா என்று ஒரு பெண் கேட்டிருந்தார்.

எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், கொண்டைக்கும் சடைக்கும்தான் வழி சொல்லியிருந்தார்கள். துணி என்றதும் எனக்கு நினைவு வந்தது ஒரே ஒருவர். சிஸ்டரை அழைத்தேன். மறுநாளே தேக்கா உணவங்காடிக்குப் பெட்டியோடு வந்துவிட்டார். மனைவியும் வந்தாள். தே தாரிக் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு, மேசை முழுவதும் துணியும் பூவும் பரப்பினோம்.

“ஊசி வேணாம்ணே. உள்ள முடி இல்லாதப்ப குத்திரும்” என்றார் சிஸ்டர். “நான் ப்ரூச்சுக்குக் காந்தம் வைக்கிறேன். துணிக்கு உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு.”

காந்தம்! அது என் ஊர் பாஷை அல்லவா. எவ்வளவு எடையை எந்தக் காந்தம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். பருத்தித் துணி வழுக்காது, பட்டுத் துணி வழுக்கும் என்று அவருக்குத் தெரியும். மனைவி தன் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, “ஆட்டிப் பாருங்க, இன்னும் வேகமா” என்று தலையை அசைத்து அசைத்துச் சோதித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் கரண்டியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதல் சரம் பறந்துபோய் ஒரு மாமாவின் மீ கோரெங் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் எடுத்துத் துடைத்துக் கொடுத்து, “இன்னும் டைட்டா போடுங்க லா” என்று யோசனையும் சொன்னார். பின்கழுத்துப் பக்கம் வளைவாகக் காந்தங்களைப் பிரித்துத் தைத்ததும் சரம் அசையாமல் நின்றது. மனைவி எழுந்து குதித்தே காட்டினாள். கைதட்டல் வேறு.

கல்யாணம் முடிந்து அந்தப் பெண் ஒரு படம் அனுப்பினார். இளஞ்சிவப்புத் துணி கட்டிய தலை, அதன் பின்னால் வெள்ளை மல்லிகை, தோளுக்கு மேல் பாதி திரும்பிய முகத்தில் பல் தெரியச் சிரிப்பு. ‘தம்பியோடு மேடையில் ஆடினேன். பூ விழவில்லை’ என்று எழுதியிருந்தார். நான் அதை மனைவிக்குக் காட்டினேன், மனைவி சிஸ்டருக்கு அனுப்பினாள், சிஸ்டர் உடனே போனில் வந்தார். மூவரும் ஒரே நேரத்தில் பேசியதில் யார் என்ன சொன்னோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் சிஸ்டர் குரல்தான் மேலே வந்தது. “அண்ணே, இத எப்படிப் பண்றதுன்னு எங்கயும் கிடையாது. நீங்க வீடியோ போடுங்க. தமிழ்லயே போடுங்க. நாம படிச்சதெல்லாம் இங்கிலீஷ்லதான இருந்துச்சு?”

போட்டேன். சன்னல் ஓரத்தில் என் கைகள் மட்டும் தெரியும்படி மனைவி கைபேசியைப் பிடித்தாள். முதல் தடவை மேடைப் பேச்சு மாதிரி செந்தமிழில் ஆரம்பித்துத் திணறினேன். “வீட்டுல பேசுற மாதிரி பேசுங்க” என்றாள். பேசினேன். மலேசியாவில் கிள்ளானிலிருந்து ஒருவர் ஊசி அளவு கேட்டார். சென்னையிலிருந்து ஒருவர் தன் அம்மாவுக்காகச் செய்யப்போவதாக எழுதினார். அப்புறம் இன்னொன்று: ‘அண்ணே, நானும் ஆம்பளதான். கதவைச் சாத்திக்கிட்டுதான் பின்னுறேன். உங்களப் பாத்ததும் இன்னைக்கு ஹால்ல உக்காந்து பின்னுறேன். விக்கிறதுக்குப் படம் எப்படி எடுக்கணும்னு சொல்லித் தர்றீங்களா?’

அதை சிஸ்டருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அன்று அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

“படமா? அத நான் சொல்றேன், நகருங்க” என்றவர், ப்ரூச் பெட்டியைத் திறந்தபடி சன்னல் திரையை விலக்கப் போனார்.