எருமையிடம் இரண்டு மொழிகள்

கனகராயன்குளத்தில் பஸ் நிற்கிறது. தேத்தண்ணிக் கடைக்கு நேரே, நடுத்தெருவில் ஓர் எருமை படுத்திருக்கிறது. சாரதி ஹோர்ன் அடித்து ஓய்ந்துவிட்டார். எனக்கோ கிளிநொச்சியில் ஒரு கலியாணவீடு. தாலி கட்டுவதற்குள் போயாக வேண்டும்.

குளக்கட்டுகளைப் பார்க்க வந்த இரண்டு எஞ்சினியர்கள் எங்களோடு வருகிறார்கள். ஒருவர் ஜாவாத் தீவின் சுண்டாக்காரர், மற்றவர் சேர்பியர். கடைக்கார நானா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார்.

"ரெண்டு பேரையும் தங்கட தங்கட பாசையில எழுப்பிப் பாக்கச் சொல்லுங்கோ. எது திறமான பாசையெண்டு மாடு சொல்லட்டும்."

நான் ஆங்கிலத்தில் சொல்கிறேன். சுண்டாக்காரர் குந்தியிருந்து பேசுகிறார். பெரியவர்களுக்கென்று தனிச் சொற்கள் உள்ள மொழி அது என்று வழியில் சொல்லியிருந்தார். இப்போது மாமனாரைச் சாப்பிட அழைப்பதுபோல் அது குழைகிறது. சேர்பியரின் மொழியோ லொறியிலிருந்து கருங்கல் கொட்டுவதுபோல் விழுகிறது. அவர் முகத்தைப் பார்த்தால் அந்த மொழியில் மரியாதைச் சொல் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. பயணிகள் வடையும் கையுமாக இரண்டு கட்சியாகிறார்கள். எருமை இரண்டு மொழிக்கும் ஒரேமாதிரி அசைபோடுகிறது.

கடைசி வடையும் போனபின் நானா சுவரில் சாத்திய சைக்கிளின் மணியை அடிக்கிறார். எருமை எழுந்து அவரிடமே போகிறது. அதற்குப் பிண்ணாக்கு வருவது அந்தச் சைக்கிளில்தானாம்.

"இது முதலே தெரியுமோ?" என்று கேட்கிறேன்.

"ஓம், என்ர மாடெல்லோ. வடை முடியட்டுமெண்டு இருந்தனான்."