விரித்துக் கட்டிய சிறகு

பட்டத்தின் மாஞ்சா நூல் சிக்கி எங்கள் மாடியில் விழுந்த பருந்தைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஆபரேஷனுக்கு உள்ளே எடுத்துப் போனார்கள். அதைச் சுற்றிக் கொண்டுவந்த துண்டு மட்டும் என் மடியில் இருந்தது. அதில் கருவாடும் வெயிலும் கலந்த வாசனை. அந்த வாசனையில் நான் மறுபடி சிறுமியாகி, காசிமேட்டில் எங்கள் பழைய வீட்டு வாசலில் இருந்தேன்.

அன்றைக்கும் ஒரு பருந்து, சிறகு எலும்பு ஒடிந்து, அம்மா காயவைத்த நெத்திலி மேல் விழுந்தது.

"திருட வந்ததுக்கு வைத்தியம் வேறயா?" என்றாள் அம்மா.

"கம்முனு இரு மே. அதுவும் நம்மள மாரி மீனை நம்பித்தான கீது," என்றார் நைனா.

உடைந்த துடுப்புக்குக் கட்டுவது போலவே சிறகை நீட்டிப் பிடித்து, மூங்கில் பட்டை வைத்து, வலை நூலால் இறுக்கிச் சுற்றினார். பறவை சிறகை மடக்கித்தானே தூங்கும் என்று எனக்குத் தோன்றியது. சொல்ல வெட்கம்.

எலும்பு கூடியது. சிறகு மட்டும் மடங்கவேயில்லை. மேலே மற்ற பருந்துகள் வட்டமிடும்போது, இது கருவாட்டுப் பாய் ஓரமாக நடந்தபடி தலையைச் சாய்த்துப் பார்க்கும். அம்மா வைதுகொண்டே மீன் தலை போடுவாள்.

"பாட்டிம்மா, எலும்புக்குள்ள கம்பி வெச்சாச்சு," என்று ஆபரேஷன் அறைக்குள் கூப்பிட்டாள் டாக்டர் பெண். மேசையில் பருந்து மயக்கத்தில் கிடந்தது. அவள் கட்டுத்துணியை எடுத்தாள்.

"மடக்கிக் கட்டும்மா," என்றேன்.

"மடக்கித்தான் கட்டுவோம். உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. நான்தான் சொல்லாம வுட்டுட்டேன்."