அறுப்புப் பண்டிகையில் அம்மா செய்த பிழைகள்

"பிப். 8, ஞாயிறு. அறுப்பின் பண்டிகை. காணிக்கைப் பாட்டு. சித்தப்பா – 9. பெரியப்பா – 2. அம்மா – 0."

நாற்பது பக்க ரஃப் நோட்டு ஒன்றின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில் இது பென்சிலால் எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. ஆண்டு போடவில்லை. பிப்ரவரி எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்த ஆண்டுகளைத் தேடினேன்: 2004, 2009, 2015. முதலாவதில் நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். 'காணிக்கை' என்று பிழையில்லாமல் எழுதியிருக்க வழியில்லை. மூன்றாவதில் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தேன். ஆகவே 2009. எனக்குப் பதினொரு வயது.

பக்கம் முழுவதும் தாள் ஒரே மாதிரி இருக்கிறது. அம்மாவின் பெயருக்கு எதிரே அந்த 0 இருக்கும் இடத்தில் மட்டும் மெலிந்து, பஞ்சு பஞ்சாக இருக்கிறது. வேறு ஏதோ எழுதி, அழித்துவிட்டுப் போட்ட 0 அது. அழித்தவளும் நான்தான்.

அம்மா தையல்காரி. பாபநாசத்துக்கு அருகே வாய்க்கால் கரையில் எங்கள் ஊர். அவள் தைத்த ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் அளவு ஜாக்கெட் இல்லாமல் அவள் ஒரு துணியையும் வெட்டியதில்லை. "அளவு குடுங்க, அப்படியே தச்சுத் தர்றேன்" என்பாள். 'அப்படியே' என்பதுதான் அவளுடைய பெருமை.

பாட்டுக்கு அடியொலி கொடுக்கும் பேஸ் கிட்டார் அவளிடம் வந்து சேர்ந்தது ஒரு விபத்து. ஆலயத்தில் அதை வாசித்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, கிட்டாரைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் போய்விட்டார். பாடகர் குழுவை நடத்தியவர் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். யாராவது எடுத்து வாசியுங்கள் என்று அவர் மூன்று வாரம் கேட்டார். நான்காவது வாரம், தணிந்த குரலில் பாடும் பெண்கள் நிற்கும் ஆல்டோ வரிசையின் ஓரத்தில் நின்ற அம்மா எடுத்தாள். எந்தச் சுர எழுத்துக்கு எந்தக் கட்டம் என்று பெரியப்பாவிடம் எழுதி வாங்கி, கிட்டாரின் கழுத்தில் தையல் சாக்கட்டியால் குறி போட்டுக்கொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகி, குறியைப் பார்த்தபடி வாசிப்பாள். வலது கால் மிஷினை மிதிப்பது போல ஒரே சீராக ஏறி இறங்கும்.

எனக்கு எதையாவது குறித்துவைக்கும் பழக்கம் அப்போதே இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், மின்சாரம் போன நேரம், பள்ளிக்கு டீச்சர் வராத நாள். பாட்டுப் பயிற்சியின்போது குறிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் பிழைகளைக் குறித்தேன். தபேலா வாசித்த சித்தப்பா எனக்கு வஞ்சனையில்லாமல் வேலை கொடுத்தார். அம்மாவுக்கு எல்லா வாரமும் 0. அந்தப் பக்கங்களை நான் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

பண்டிகைக்கு முந்தைய கிறிஸ்துமஸுக்குச் சபையில் புதுக் கீபோர்டு வாங்கினார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் தாளமும் பேஸும் தானாகவே வரும். பெரியப்பா அதை ஒரு புதுக் குழந்தையைப் போல மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஜனவரியில் ஒரு பயிற்சி முடிந்ததும் அவர் அம்மாவிடம் சொன்னார்.

"ஏம்மா, அறுப்புப் பண்டிகை வரைக்கும் வாசி. அதுக்கப்புறம் நீ ஆல்டோவுலயே நின்னுக்க. அங்க ஆளு கம்மியா இருக்கு."

"சரிங்க அத்தான்" என்றாள் அம்மா. கிட்டாரை உறையில் போட்டாள். ஜிப் பாதியில் சிக்கியது. அவள் அதை நெடுநேரம் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அடேயப்பா, என்ன இது, போலீஸ் ஸ்டேஷன் ரிஜிஸ்டரா? உங்க சித்தப்பனுக்கு ஆறுதானா? பாவம் பாத்துப் போட்டிருக்க."

"அம்மாவுக்குப் பாருங்க பெரியப்பா. எல்லா வாரமும் சைபர்."

"அதான் பாப்பா நானும் சொல்றேன்." மஞ்சள் துணியின் மேல் தட்டினார். "இந்தப் பொட்டியும் சைபர்தான். இதுக்குத் தனியா நாற்காலி போட வேண்டாம்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. வேடிக்கையாகத்தான் சொன்னார். சித்தப்பா சிரித்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது என்பது, அவள் அன்று செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு ஐந்தாறு அடி நடந்தபோது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகான நான்கு வாரமும் அவள் மாலையில் தையலை நிறுத்திவிட்டு வாசித்தாள். ஸ்பீக்கர் பெட்டி ஆலயத்தில் இருந்ததால், வீட்டில் சத்தம் எழும்ப கிட்டாரின் தலையை மர பீரோவில் முட்டுக்கொடுத்து வைத்துக்கொள்வாள். பீரோ முழுவதும் முனகும். நான் மறுபக்கம் கதவில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே மடித்துவைத்த புடவைகளுக்குள்ளிருந்து யாரோ மெதுவாகப் பேசுவது போல இருக்கும். அப்பா மட்டும், "பீரோவுல பேய் புகுந்துடுச்சுன்னு பக்கத்து வீட்டுல கேக்குறாங்க" என்பார். எல்லாம் அதே குறிகள், அதே கட்டங்கள். அவள் எதைத் தேடினாள் என்று எனக்குப் புரியவில்லை. பிழையே இல்லாதவளுக்குப் பயிற்சி எதற்கு?

அந்தப் பண்டிகைக்கு முந்தைய கார்த்திகை மழை எங்கள் பக்கத்து வயல்களை ஒரு வாரம் முழுக வைத்தது. அத்தை, அதாவது அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை, எங்கள் தெருவிலேயே இருந்தாள். அவளுடைய கணவர், எங்கள் மாமா, தண்ணீரை வடிக்க வரப்பை வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஒவ்வோர் அறுப்புப் பண்டிகையிலும் முதல் கதிர்க்கட்டைத் தோளில் சுமந்து ஆலயத்துக்குள் வருகிறவர் அவர்தான். பெரிய பெரிய அடியாக வைத்து வருவார். அவர் வேகத்துக்குக் காணிக்கைப் பாட்டு இரண்டு சரணத்தில் முடிந்துவிடும்.

சாய்ந்துபோன பயிரில் மிஞ்சியதை அறுத்து அத்தை ஒரு கட்டு கட்டிவைத்திருந்தாள். வேறு யாராவது தூக்கிவரட்டும் என்று பெரியப்பா சொன்னார்.

"அவரு நட்டதுண்ணே. நான்தான் கொண்டாருவேன்" என்றாள்.

பண்டிகையன்று நான் முன்வரிசையில் பாயில், அம்மாவின் ஸ்பீக்கர் பெட்டிக்கு அருகே உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா பொத்தானை அழுத்தினார். பாட்டு தொடங்கியது. கீபோர்டுப் பெட்டியின் பேஸும் அம்மாவின் பேஸும் ஒன்றாக ஓடின. எது அம்மா, எது பெட்டி என்று பிரிக்க முடியவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அத்தை கதிர்க்கட்டோடு வாசலில் நுழைந்தாள். மூன்றாவது ஜன்னல் வரை வந்தாள். அங்கே ஆண்கள் பக்கத்துப் பெஞ்சின் ஓரம் மாமா எப்போதும் உட்காரும் இடம். அன்றைக்கு அதில் யாரும் உட்காராமல் விட்டிருந்தார்கள். அத்தை அந்த இடத்தைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

பாட்டு நிற்கவில்லை. இரண்டாம் சரணம் முடிந்து மூன்றாவது தொடங்கியது. பெட்டி அதே துள்ளலோடு போய்க்கொண்டிருந்தது. பின்னால் பூசணிக்காயும் வாழைத்தாரும் கோழியும் வைத்துக்கொண்டு மற்றவர்கள் காத்திருந்தார்கள். அத்தை அசையவில்லை. யாரும் எழுந்து போய்க் கையைப் பிடிக்கவும் துணியவில்லை.

அப்போது அம்மா வாசிப்பதை நிறுத்தினாள்.

நான் பதறிப்போய் நிமிர்ந்தேன். அம்மாவின் கண் கிட்டாரின் கழுத்தில் இல்லை. வாசிக்கும்போது அவள் வேறெங்கும் பார்த்து நான் கண்டதில்லை. அத்தையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கால் மிதிக்கவில்லை. நோட்டில் ஒரு கோடு போட்டேன்.

பிறகு, இருப்பதிலேயே தடித்த கம்பியில் ஒரே ஒரு ஒலி. தரை வழியாக, பாய் வழியாக என் தொடைக்கு ஏறியது. அத்தை ஓரடி எடுத்து வைத்தாள். மறுபடி ஒன்றும் இல்லை. பாட்டின் வரிகள் தாண்டிப் போயின, அம்மா கையைக் கம்பிமேல் வைத்தபடி சும்மா இருந்தாள். இன்னொரு கோடு. மறுபடி ஓர் ஒலி. மறுபடி ஓரடி.

பெரியப்பா தலையைத் திருப்பி அம்மாவை முறைத்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவருடைய விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பொத்தானை அழுத்தினார். பெட்டியின் தாளம் நின்றது. சித்தப்பா தபேலாவிலிருந்து கையை எடுத்துவிட்டார். சபை மட்டும் பாடியது, பிடிமானமில்லாமல், இழுத்து இழுத்து, பெண்கள் பக்கம் குரல் உடைந்து. அதற்கு அடியில் எப்போதாவது ஒருமுறை அம்மா. நான் கோடு மேல் கோடாகப் போட்டுக்கொண்டே இருந்தேன். அத்தை பீடத்தில் கதிர்க்கட்டை இறக்கி வைத்தபோது எண்ணிக் கூட்டி, எண்ணை எழுதினேன். எழுதியதைப் பார்த்ததும் அழுகை வந்தது. மொத்தமும் போயிற்று. அம்மாவின் நாற்காலி போயிற்று.

போதகர் செய்தி கொடுக்கும் நேரத்தில் குனிந்து உட்கார்ந்து, பென்சிலின் பின்பக்க ரப்பரால் கோடுகளையும் எண்ணையும் அழித்தேன். 0 போட்டேன். ஆலயத்துக்குள் உட்கார்ந்து பொய்க் கணக்கு எழுதுகிறேன் என்ற பயத்தில் காது சூடாக இருந்தது.

ஆராதனை முடிந்து, வெளியே பூசணிக்காய் ஏலத்தின் சத்தம். பெரியப்பா உள்ளேயே கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நோட்டை நீட்டினேன்.

"பாருங்க பெரியப்பா. இன்னைக்கும் அம்மாவுக்கு சைபர்."

"சைபரா?"

"ஆமா."

"நல்லா எண்ணுனியா?"

"எண்ணுனேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி அந்த மஞ்சள் துணியால் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் பிடித்தது.

"சரியாத்தான் போட்டிருக்க. உங்கப்பன்கிட்ட சொல்லு, நாற்காலிய எடுக்க வேண்டாமாம்னு. அடுத்த வாரமும் உங்கம்மா வாசிக்கட்டும்."

வீட்டுக்கு ஓடினேன். என் ரப்பர்தான் அம்மாவைக் காப்பாற்றியது என்று நம்பினேன். அம்மாவிடமும் நோட்டைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விரலால் ஒருமுறை தடவினாள். மறுநாள் நோட்டைக் காணவில்லை. நான் வேறு நோட்டு கேட்கவும் இல்லை.

கிட்டாரின் கழுத்தில் இருந்த சாக்கட்டிக் குறிகள் அந்தக் கோடைக்குள் அழிந்துபோயின. அம்மா திரும்பப் போடவில்லை. பட்டுக்கோட்டைச் சபையிலிருந்துகூட அவளைக் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பாட்டிலும் அவள் வரவரக் குறைவான ஒலிகளைத்தான் வாசித்தாள். அவள் வாசித்தால் பாடுவது சுலபமாக இருக்கிறது என்றார்கள். நான் அதை முழுவதாகக் கேட்கவில்லை. பிழை எண்ணாமல் கேட்பது எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது நான் வேறு ஊரில் இருந்தேன்.

சென்ற ஆண்டு அம்மா இறந்தாள். கிட்டார் உறையின் முன்பையில், அவளுடைய தையல் இஞ்சு டேப்போடு இந்த நோட்டு இருந்தது. அன்றைய வாசிப்பை யாரும் பதிவு செய்யவில்லை. கிட்டாரை அதே பீரோவில் முட்டுக்கொடுத்து, தடித்த கம்பியை ஒருமுறை தட்டிப் பார்த்தேன். பீரோ முனகியது. அவ்வளவுதான்.

அத்தையிடம் கேட்டேன், அன்று அம்மா வாசித்தது நினைவிருக்கிறதா என்று.

"அன்னைக்குப் பாட்டு பாடுனாங்களா?" என்றாள். பிறகு யோசித்துச் சொன்னாள்: "காலுக்குக் கீழ தரை இருந்துச்சு. அது மட்டும் தெரியும்."

மூன்றாவது ஜன்னலிலிருந்து பீடம் வரை போன மாதம் நடந்து பார்த்தேன். என் கணக்கில் பதினொரு அடி வருகிறது. ஆனால் நான் கதிர்க்கட்டு சுமக்கவில்லை. பீடத்தின் படியும் முன்னால் நீட்டிக் கட்டப்பட்டிருக்கிறது. நோட்டின் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், பென்சில் அழுந்திய பள்ளத்தில் முதல் இலக்கம் 1 என்பது உறுதியாகத் தெரிகிறது. இரண்டாவது 4 போலவும் இருக்கிறது, 7 போலவும் இருக்கிறது. அம்மா அன்று எத்தனை முறை வாசிக்காமல் காத்திருந்தாள் என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.