ஏழாயிரம் சுற்றுக்கு மேலே

இவோன் மலவாசி எஞ்சினைத் திட்ட ஆரம்பித்தால், தெருவில் போகிறவர்கள் தங்களைத்தான் திட்டுகிறாளோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். இத்தாலியில், மோடனா நகருக்கு வெளியே, பன்றி வெட்டும் கொட்டகைகளைத் தாண்டி அவளுடைய பட்டறை இருந்தது. நான் அங்கே லேத்தில் நின்றவன். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சினைப் பிரித்து, கடைந்து, உரசி, பிறந்தபோது இருந்ததைவிட வெறி பிடித்ததாக்கி அனுப்புவது எங்கள் தொழில்.

அவளுக்குப் புருஷன் என்று ஒருவன் இருந்தான். ஒருநாள் கை ஓங்கினான். அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு அவனுக்கு இடது காது கேட்கவில்லை. இன்னொரு முறை பொலோன்யாவிலிருந்து வந்த ஒருத்தன், "எஞ்சின் வேலைய யாரும்மா பாக்கறது? அந்த ஆளக் கூப்பிடு" என்றான். மூக்கைக் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டுதான் காருக்குத் திரும்பினான்.

எழுபத்தெட்டாம் வருடக் குளிர்காலத்தில் வைனர் கோத்சி தன் காரைக் கொண்டுவந்தான். பக்கத்துப் பன்றிக் கொட்டகைகள் அவனுக்கும் அவன் தம்பிகள் இருவருக்கும் சொந்தம். கார், அறுபதுகளின் தொடக்கத்தில் செய்த இரண்டு இருக்கை வண்டி. மூடியைத் திறந்தால் அழகான சின்ன எஞ்சின். மலைச்சாலையில் ஏறும் கார்ப் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்பது அவனுக்குப் பித்தாகிவிட்டிருந்தது.

இவோன் மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். இலேசான பிஸ்டன் போட்டாள். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினாள். காற்று போகும் வழிகளை விரல் விட்டுத் தடவித் தடவி உரசினாள். வால்வைத் திறக்கும் தண்டை மாற்றி, பெரிய கார்புரேட்டர் இரண்டு வைத்தாள். பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்க் மட்டும் பழையது. புதியது செய்ய வைனருக்குப் பொறுமை இல்லை.

"நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்து. அதுக்கு மேல ஒரு முடி போனாலும் இந்தக் கிராங்க் தாங்காது. காதுல ஏறுச்சா?"

"பன்னிய வெட்டறவனுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாதா, இவோன்?"

"பன்னி திருப்பி வெட்டாது. இது வெட்டும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சுற்றுக் காட்டும் மீட்டரில் இரண்டாவது முள் ஒன்று உண்டு. எஞ்சின் எட்டிய உச்சத்திலேயே நின்றுவிடும், கீழே இறங்காது. அதை அவன் கண்ணெதிரே பூஜ்யத்துக்குத் தள்ளிவைத்து அனுப்பினாள்.

பந்தயத்தன்று வைனர் கிளம்பிய சத்தமே சரியில்லை. மூன்றாவது திருப்பத்துக்கு முன் கியர் மாற்றாமல் இழுத்தான். எஞ்சின் கத்தியது. பிறகு பாறையைச் சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு வெடி. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு எஞ்சினின் விலாவைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. எண்ணெய் பின் டயரில் கொட்ட, கார் பம்பரமாகச் சுழன்று கல்சுவரில் முகத்தைக் கொடுத்தது. அவனை வெளியே எடுக்கத் தகரத்தை அறுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

உடைந்த எஞ்சினையும் மீட்டரையும் இவோன் அன்றே கழற்றிக்கொண்டு வந்தாள். பிஸ்டன் துண்டுகளைத் தகரத்தட்டில் கொட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரமே, ஒரு முற்பகலில், வைனரின் தம்பிகள் வந்தார்கள். பெரியவன் மெதார்தோ கையில் இரும்புக் கம்பி. சின்னவன் ஜாமெஸ் வெறுங்கையோடு வந்தான், ஆனால் அந்தக் கை பன்றியைத் தனியாகத் தூக்கும் கை. சோதனை மேடையில் வேறொரு எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புகைக்குழாய்கள் நெருப்பாய்ச் சிவந்திருந்தன. அவர்கள் கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை. வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

மெதார்தோ முதலில் அலமாரியை இழுத்துச் சாய்த்தான். கடைந்து வைத்த ஹெட்டுகள் தரையில் உடைந்தன. இவோன் ஸ்பேனரோடு பாய்ந்து அவன் தோளில் ஒன்று போட்டாள். அவன் கம்பியைத் திருப்பி அவள் வலது மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு ஒடிந்தது, எஞ்சின் சத்தத்தையும் மீறி அது எனக்குக் கேட்டதாகவே இன்றும் நம்புகிறேன். ஜாமெஸ் அவள் தலைமுடியைப் பிடித்துச் சோதனை மேடைப் பக்கம் இழுத்தான். அவள் அவன் கட்டைவிரலைக் கடித்தாள். நான் மெதார்தோவின் முதுகில் தொற்றினேன். என்னை உதறுவதற்குக் கண்மூடித்தனமாக வீசிய கம்பி பெட்ரோல் குழாயை அறுத்தது.

பெட்ரோல் சிவந்த குழாய்மேல் பீய்ச்சியது. குபீரென்று பிடித்தது. ஜாமெஸின் கம்பளிச் சட்டைக் கை எரிய ஆரம்பித்தது. அவன் காற்றில் கையை வீச வீச நெருப்பு தோள்வரை ஏறியது.

நான் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு மணல் வாளியைக் கவிழ்த்தேன். எஞ்சின் இருமி நின்றது. திரும்பினால், இவோன் ஜாமெஸைத் தரையில் தள்ளி, தன் தோல் ஏப்ரனோடு அவன்மேல் படுத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். நெருப்பு அணைந்ததும் எழுந்து உட்கார்ந்து, முறியாத கையால் அவன் முகத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"இது முடியப் பிடிச்சு இழுத்ததுக்கு" என்றாள்.

அவன் சின்னப் பையன் மாதிரி அழுதான். கருகிய கம்பளியும் தோலுமாக நாற்றம்.

அவள் பலகையில் இருந்த மீட்டரை மெதார்தோவிடம் நீட்டினாள். "பாரு. உங்க அண்ணன் எங்க போய் நின்னான்னு பாரு."

இரண்டாவது முள் எட்டாயிரத்து அறுநூறில் நின்றது. அவன் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பிறகு அதைத் தரையில் வைத்துக் கம்பியால் நொறுக்கினான். தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

போலீசுக்குப் போகலாம் என்றேன். "முதல்ல அவன் வாயால கேக்கணும்" என்று, கையின் மாவுக்கட்டு காய்வதற்குள் வைனரின் வார்டுக்குள் நுழைந்தாள். இரண்டு தம்பிகளும் அங்கேயே இருந்தார்கள், ஜாமெஸ் தோள்வரை கட்டோடு.

"எங் கால எடுத்தவ வந்துட்டா" என்றான் வைனர்.

"எத்தன சுத்து போன?"

"முள்ள யாரு பாத்தா?"

"நான் பாத்தேன். ஒந் தம்பியும் பாத்தான். நீ சொல்லு."

வைனர் தண்ணீர்க் கூஜாவை எடுத்து அவள்மேல் வீசினான். சுவரில் பட்டு உடைந்தது. அவள் போய்க் கன்னத்தில் அறைந்தாள். நர்ஸ் ஓடிவந்து அவளை இழுத்தாள்.

"கியர் மாத்தல" என்றான் அவன், அறைபட்ட கன்னத்தோடு. "பாத்துட்டேதான் மிதிச்சேன். அது அப்படிப் பாடுச்சு இவோன், எப்படி விடறது? போதுமா?"

மெதார்தோ எழுந்து வெளியே போனான். கழிப்பறைக் கதவை அவன் உதைத்து உடைத்த சத்தம் வார்டுவரை கேட்டது. போலீசுக்கு யாரும் போகவில்லை.

இவோனின் மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்தது. வால்வைப் பிடித்து உரசுகிற திருப்பம் அந்தக் கைக்கு வரவில்லை. நான் செய்தால் என் கையைத் தட்டிவிட்டாள். பட்டறை பாதி நாள் பூட்டிக் கிடந்தது.

அடுத்த வருட வசந்தத்தில் வைனர் ஊன்றுகோலோடு வாசலில் வந்து நின்றான். அவள் ஒரு பிஸ்டனை எடுத்து வீசினாள். அவன் தலைக்கு ஓரமாகப் போய்க் கதவில் பட்டது.

"எடது கையில வீசினா இப்படித்தான் கோணும்" என்றான்.

"கிட்ட வா, கோணாம அடிக்கிறேன்."

"எனக்கு ரெண்டு கை இருக்கு, ஒனக்கு ரெண்டு கால் இருக்கு. என் எஞ்சின மறுபடி செய்."

"புதுக் கிராங்க் போட்டாத்தான் செய்வேன். இந்த தடவ ஓட்டறது நானு."

அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அந்த வசந்தம் முழுக்க அவன் வால்வு உரச, அவள் பின்னால் நின்று விரலால் தடவிப் பார்த்துத் திட்டினாள். ஒருமுறை அவன் ஊன்றுகோலைப் பிடுங்கிக் கூரைமேல் எறிந்தாள். அவன் அவள் காப்பியில் எண்ணெயை ஊற்றினான்.

தகரம் தட்டி நிமிர்த்திய அதே காரில், அடுத்த பந்தயத்தில் இவோன் அந்த மலையில் ஏறினாள். கோணல் கையால் கியரை இழுத்த ஒவ்வொரு தடவையும் வலியில் கத்தினாளாம். எஞ்சின் சத்தத்தில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. ஒன்பதாவதாக வந்தாள். உச்சியில் இறங்கிச் சாலையோரம் வாந்தி எடுத்தாள். வைனர் நொண்டிக்கொண்டே போய்ப் புது மீட்டரை எட்டிப் பார்த்தான்.

"ஆறாயிரத்து எண்ணூறா? பயந்தாங்கொள்ளி!" என்று கத்தினான்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு அவனை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். வைனர் ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சரிவில் ஒதுங்கினான்.