ஏழு ரூபாயும் ஒரு தேங்காயும்

பண்டத்தரிப்பு ஆழ்வாப்பிள்ளையர் மலாயாவிலே ரெயில்வே கந்தோரில் இருபத்தெட்டு ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்து, பென்சனோடு ஊர் மீண்டு, ஒரு மொரிஸ் மைனர் கார் வாங்கியவர். அடியார்களின் தொகையை அறுபத்துமூவரோடு நிறுத்திவிட்ட முன்னோர் இவரைக் கண்டிருப்பின், இன்னோர் இடத்தை ஐயமின்றித் திறந்திருப்பர். அவ்வடியார்கள் இறைவன்பால் வைத்த அன்புக்கு எள்ளளவும் குறையாத அன்பை இவர் காரின் காப்புறுதிப் பிரீமியத்தின்பால் வைத்திருந்தார். அவர்கள் அன்பு பெருகவேண்டும் என்று அழுதனர்; இவர் பிரீமியம் குறையவேண்டும் என்று அழுதார். வேறுபாடு அவ்வளவே.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, புதுப்பிக்கும் படிவத்தோடு கொழும்புத்துறையிலிருந்து காப்புறுதி முகவர் கனிசியஸ் வந்தார். ஆழ்வாப்பிள்ளையர் பஞ்சாங்கத்தோடு காத்திருந்தார்.

"தம்பி, வருசத்திலை அட்டமி இருபத்திநாலு, நவமி இருபத்திநாலு. அண்டைக்கு நான் காரை வெளியிலை எடுக்கிறேல்லை. கரிநாளும் அப்பிடித்தான். ஓடாத நாளுக்கு நான் ஏன் கட்டவேணும்? ராகுகாலம் நாளுக்கு ஒண்டரை மணித்தியாலம். அதையும் கழியும்."

"ஐயா, கொம்பனிக்காரர் வெள்ளைக்காரர். அவையளுக்கு அட்டமி தெரியாது."

"தெரியாட்டில் விளங்கப்படுத்தும். பஞ்சாங்கம் ஒண்டு தாறன், அனுப்பிவிடும்."

கனிசியஸ் பொறுமையின் கொள்கலம். கொம்பனி ஏற்கக்கூடிய வழிகளை எடுத்துரைத்தார். "ஐயா மாத்திரம் ஓடுறதெண்டு எழுதினால் ஒரு சலுகை. வாடகைக்கு விடுறேல்லை எண்டால் இன்னொண்டு. ஆனால் ஏறினவையிட்டை ஒரு சதம் கை நீட்டி வாங்கினாலும் எல்லாம் போச்சு. பிறகு வாடகைக் கார் கணக்குத்தான். வருசம் முழுக்க இழப்பொண்டும் இல்லையெண்டால் வாறமுறை இன்னும் குறையும்." சற்று நிறுத்தி, "தம்பியார் முத்துக்குமாருவின்ரை பேரையும் சேர்த்துவிடட்டோ? அவசரத்துக்கு உதவும். ஏழு ரூபாய்தான் கூட" என்றார்.

முத்துக்குமாரு ஆழ்வாப்பிள்ளையரின் உடன்பிறந்த இளவல். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பலாலி வீதியில் பஸ் ஓட்டுபவர். ஒரு கோழியைத்தானும் நசித்தறியாதவர்.

"உவனுக்கு ஓட பஸ் இருக்குத்தானே. என்ரை கார் எதுக்கு?" என்று தமையனார் அப்பெயரை வெட்டிவிட்டார். மாட்டு வண்டிகளுக்கு வழிவிட்டு, சைக்கிள்களுக்கு வழிவிட்டு, நடந்து செல்வோருக்கும் வழிவிட்டு ஓட்டும் தம்மையே ஒரே சாரதியாக எழுதி ஒப்பமிட்டார்.

ஆவணியில் தங்கை சின்னத்தங்கத்தின் ஒரே மகள் பத்மாசினிக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. தாலி ஏறும் கணத்தில் மணமகளின் மூத்த தாய்மாமன் தேங்காய் உடைப்பது அக்குடும்பத்தின் வழக்கம். ஆழ்வாப்பிள்ளையர் மலாயாவில் இருந்த காலத்தில் மற்றைத் தங்கையின் மகளிர் மூவர் கரையேறினர்; மூன்று தேங்காயையும் முத்துக்குமாருவே உடைத்தார். எஞ்சியவள் பத்மாசினி ஒருத்தியே. இந்தத் தேங்காய் தப்பினால் இப்பிறவியில் இனித் தேங்காய் இல்லை என்பதை ஆழ்வாப்பிள்ளையர் நன்கு அறிவார். அதற்கெனவே பட்டுச் சால்வையும் தலைப்பாகையும் எடுப்பித்திருந்தார்.

சின்னத்தங்கம் வந்து கெஞ்சினாள். "அண்ணை, இந்தா கிடக்கிற திருநெல்வேலிக்குப் போய் மாப்பிள்ளையைச் சின்னண்ணை கூட்டிக்கொண்டு வரட்டும். நீங்கள் பந்தலிலை நில்லுங்கோ."

"அவன் ஓடக்கூடாது. சலுகை போயிடும்."

"அப்ப வாடகைக் கார் ஒண்டு பிடிப்பம்."

"என்ரை கார் நிக்க வாடகைக் காரோ? ஊர் சிரிக்கும். நானே ஓடிக்கொண்டு வந்து, நானே உடைக்கிறன்."

ஊர் சிரிப்பதற்கு வேறு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

திருமணத்தன்று அவர் சால்வையையும் தலைப்பாகையையும் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டினார். சால்வை ஸ்டியரிங்கில் சிக்கினால் விபத்து. விபத்து நேர்ந்தால் அடுத்த ஆண்டுச் சலுகை போய்விடும். ஆகவே வேட்டிக்குமேல் பழைய காக்கிச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளையைப் பந்தல் வாயிலில் இறக்கியதும் சீனவெடி முழங்கியது. பொறி பட்டாலும் இழப்பன்றோ! காரைத் தொலைவில் வாடகைக் கார்கள் நின்ற வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, வெடி ஓயும்வரை பெற்ற பிள்ளையைக் காப்பதுபோல் காத்து நின்றார்.

வெடி ஓய்ந்தது. முகூர்த்தத்துக்குச் சில நிமிடங்களே இருந்தன. சட்டையைக் கழற்றப் பொத்தானில் கைவைத்தபொழுது, சாரதிமாருக்குச் சன்மானம் கொடுத்துக்கொண்டு நமசிவாயம் வந்தார். அவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. முதல்நாள்தான் கொழும்பிலிருந்து வந்தவர். பெண்வீட்டாரில் ஒருவரையும் முன்பின் காணாதவர்.

"இந்தாரும், பத்து ரூபாய். பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்த்தீர்" என்று நீட்டினார்.

ஆழ்வாப்பிள்ளையர் நிமிர்ந்தார். நேரெதிரே, அழைப்பின்பேரில் வந்திருந்த கனிசியஸ் வெற்றிலை மென்றுகொண்டு இவரையே பார்த்து நின்றார். ஆழ்வாப்பிள்ளையரின் இரு கைகளும் தாமாகவே முதுகின் பின்னே ஒளிந்தன.

"வேண்டாம்!"

"ஏன், காணாதோ? இந்தாரும், பதினைஞ்சு."

"ஐயோ, ஒரு சதமும் வேண்டாம்!"

நமசிவாயத்தின் முகம் சிவந்தது. "மங்கல காரியத்திலை நீட்டின கையைத் திருப்பிவிடுறதோ? உது எந்த ஊர் வழக்கம்?"

மற்றைச் சாரதிமார் கலங்கினர். "அண்ணை, வாங்கும்! நீர் வாங்காட்டில் கோவத்திலை எங்களுக்கும் தராமல் போயிடுவார்." ஒருவர் கையைப் பிடித்து முன்னே இழுத்தார், மற்றொருவர் விரல்களை விரித்துவிட முயன்றார். ஆழ்வாப்பிள்ளையர் கைகளை விடுவிக்கப் போராடியவாறே கத்தினார்:

"விடுங்கோ! நான் பெம்பிளையின்ரை தாய்மாமன்!"

நமசிவாயம் காக்கிச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "தாய்மாமன் உள்ளை தேங்காயோடை நிக்கிறார். நான் கண்டிட்டுத்தானே வாறன்."

அக்கணமே பந்தலில் கெட்டிமேளம் எழுந்தது. அதனூடே தேங்காய் சிதறும் ஓசையும் தெளிவாகக் கேட்டது. ஆழ்வாப்பிள்ளையரின் கைகள் தளர்ந்தன. நமசிவாயமோ கை நீட்டி வாங்காதவனுக்குக் கொடுப்பதில்லை என்று நோட்டுகளை மடித்து மடியில் செருகிக்கொண்டு உள்ளே போனார். சலுகை பிழைத்தது.

தமையனாரை மூன்றுமுறை தேடுவித்தும் காணாத சின்னத்தங்கம், முகூர்த்தம் தப்பக்கூடாதென்று தேங்காயைச் சின்னண்ணனிடம் கொடுத்திருந்தாள். முத்துக்குமாரு நெற்றி நிறைந்த திருநீற்றோடு வேப்பமரத்தடிக்கு வந்து, தமையனாரின் காக்கிச் சட்டையைப் பார்த்தார்; சிரிக்கவில்லை.

"என்ன அண்ணை செய்யிறது? என்ரை வேலையை நீங்கள் பார்த்தியள். உங்கடை வேலையை நான் பார்த்தன்."

ஆழ்வாப்பிள்ளையர் பின்பெட்டியைத் திறந்து சால்வையை எடுத்து, மடிப்புக் கலையாமலே சற்றுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மீண்டும் உள்ளே வைத்துப் பூட்டினார்.

அடுத்த ஆண்டு கனிசியஸ் படிவத்தோடு வந்தார். இம்முறை முத்துக்குமாருவின் பெயரை அவரும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. கடைசிக் கேள்வியை மட்டும் கனிசியஸ் வாசித்தார்.

"போன வருசம் ஏதும் இழப்பு உண்டோ, ஐயா?"

ஆழ்வாப்பிள்ளையர் பேனாவைத் திறந்து, முற்றத்தில் நின்ற காரின் பின்பெட்டியை ஒருமுறை பார்த்தார். பின்னர்த் திருத்தமான கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதி ஒப்பமிட்டார். பிரீமியம் மேலும் குறைந்தது.